நீர் புகுந்த அறையும் நனைந்த கம்பளமும்

ஆறு கரை புரண்டு ஊருக்குள் பாயும்போது விளையும் சேதத்தை அனைவரும் காண்கின்றனர். நீர் வடிந்த பின்னர் வீட்டினுள் தொடர்ந்து நிகழும் சேதமோ எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுவரின் உட்புறத்திலும், தரையின் நுண்துளைகளிலும், விரிப்பின் அடியிலும் தங்கிவிட்ட நீர் வாரக்கணக்கில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. முதற் சேதத்தைத் தடுக்கும் ஆற்றல் தனி மனிதருக்கு இல்லை. இரண்டாவது சேதம் பெரும்பாலும் தடுக்கக்கூடியதே. அதற்கு வேண்டுவன விரைவும், சில அடிப்படை உண்மைகளைப் பற்றிய தெளிவும் ஆகும்.

2014ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜீலம் நதி பெருகி ஸ்ரீநகரை மூழ்கடித்தது. ராஜ்பாக், ஜவாஹர் நகர் முதலிய பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீருள் அமிழ்ந்தன. சில இடங்களில் இரண்டு வாரங்களுக்கு மேலாகவும் நீர் தேங்கி நின்றது. காஷ்மீரத்தில் தரையில் அமர்ந்து உண்பதும் உறங்குவதும் வழக்கமாதலின், அறை முழுவதும் விரிப்பு இடுவர். கம்பளி மயிரை அழுத்திச் செய்த நம்தா, பழைய போர்வைகளைக் கொண்டு தைத்த கப்பா, கையால் முடிச்சிட்டு நெய்த இரத்தினக் கம்பளம் ஆகியவை அங்கு வெறும் அலங்காரப் பொருள்கள் அல்ல. குளிர்காலத்தில் உடலைக் காக்கும் சாதனங்கள். கைமுடிச்சுக் கம்பளமோ பல மாத உழைப்பின் பயன். தலைமுறைதோறும் பேணப்படும் குடும்பச் சொத்து. வெள்ளத்திற்குப் பின் வரும் ஊழியரிடம் அத்தகைய குடும்பம் கேட்கும் முதல் வினா, 'இதனைக் காப்பாற்ற முடியுமா?' என்பதேயாகும். அவ்வினாவிற்கு விடை காணும் முறை இங்கு விளக்கப்படுகிறது. ஆற்று வெள்ளமாயினும், குழாய் வெடித்து நிலவறையில் தேங்கிய நீராயினும் அடிப்படை ஒன்றே.

அறைக்குள் இறங்கும் முன்னர்

கம்பளத்தைக் காட்டிலும் உயிர் பெரிது. நீர் தேங்கிய அறையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே வீட்டின் முதன்மை மின்விசையை நிறுத்திய பின்னரே உள்ளே இறங்குதல் வேண்டும். அவ்விசை நிலவறையிலேயே அமைந்திருப்பின் அதனைத் தொட முயலாமல், மின்வாரிய ஊழியரைக் கொண்டு வெளியிலிருந்து இணைப்பைத் துண்டித்தல் வேண்டும்.

நிலவறையில் ஆழமாக நீர் நிற்குமாயின் அதனை ஒரே மூச்சில் இறைத்துவிடலாகாது. ஊறிய மண் சுவரை வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்துகிறது. நீரின் அழுத்தம் 1 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ 1 டன் எடைக்குச் சமமாகும். உள்ளே நிற்கும் நீர் அவ்வழுத்தத்தை எதிர்த்துச் சுவரைத் தாங்குகிறது. உள் நீரை முற்றும் நீக்கிவிட்டால் சுவர் பிளக்கவோ தரை மேலெழும்பவோ கூடும். சுற்றுப்புற வெள்ளம் வடிந்த பின்னர், நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் இறைப்பது நன்று.

பெட்ரோல் அல்லது டீசலில் இயங்கும் பம்பையும் மின்னாக்கியையும் அறைக்குள் வைத்து ஓட்டவே கூடாது. அவற்றின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; மூடிய இடத்தில் அது சிறிது நேரத்திலேயே உயிரைப் போக்கிவிடும். வெள்ளநீரில் எலியின் சிறுநீர் கலந்திருப்பதால் எலிக்காய்ச்சல் பரவும் அபாயமும் உண்டு. காலில் ரப்பர்க் காலணியும் கையில் உறையும் இன்றி எவரும் இறங்கலாகாது. காலில் புண் உள்ளவர்கள் இப்பணியிலிருந்து விலகியிருத்தல் நலம்.

நீர் எத்தகையது?

கம்பளத்தின் கதியை முடிவு செய்பவை இரண்டு: நனைத்த நீர் எத்தகையது என்பது ஒன்று, எவ்வளவு காலம் நனைந்து கிடந்தது என்பது மற்றொன்று.

நீரை மூவகையாகப் பிரிக்கலாம். குடிநீர்க் குழாய் வெடித்து வந்த நீர் முதல் வகை. துணி துவைத்த நீர் போன்ற உபயோகித்த நீர் இரண்டாம் வகை. சாக்கடை நீர், மலக்கழிவுத் தொட்டியின் நீர், ஆற்று வெள்ளம் ஆகியவை மூன்றாம் வகை. ஆற்று வெள்ளம் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும், ஊரின் கழிவெல்லாம் அதில் கலந்திருப்பதால் அதனை மூன்றாம் வகையாகவே கொள்ள வேண்டும். இவ்வகைகள் நிலையானவை அல்ல என்பதும் மனத்திற் கொள்ளத்தக்கது. முதல் வகை நீரும் கம்பளத்தில் 2 நாள் தங்குமாயின் கிருமிகள் பெருகி அடுத்த வகைக்கு இறங்கிவிடும்.

முதல் வகை நீரில் நனைந்து உடனே கவனிக்கப்பட்ட கம்பளத்தைத் தயக்கமின்றிக் காப்பாற்றலாம். மூன்றாம் வகை நீரில் நனைந்ததாயின், கம்பளத்தின் அடியில் இடும் நுரை ரப்பர், பஞ்சு மெத்தை முதலியவற்றை ஐயமின்றி அகற்றிவிட வேண்டும். அவற்றின் உட்புறத்தை எவ்வளவு கழுவினாலும் தூய்மை செய்ய இயலாது. பொறியில் செய்த மலிவான விரிப்புகளையும் விலக்கிவிடுதலே அறிவுடைமை. விலைமதிப்புள்ள கைமுடிச்சுக் கம்பளத்தை மட்டும், அத்தொழிலில் தேர்ந்தவரிடம் முழுவதும் அலசக் கொடுத்துக் காப்பாற்ற முயலலாம்.

காலக் கணக்கு

பூஞ்சையின் வித்துக்கள் காற்றில் எங்கும் உள்ளன. அவை முளைக்க உணவும் ஈரமும் வேண்டும். தூசியும் பருத்தியும் சணலும் உணவாகின்றன. வெள்ளம் ஈரத்தைத் தருகிறது. நனைந்த பொருள் 24 மணி முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்தப்படாவிடில் பூஞ்சை வளரத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் முன்னரே முடைநாற்றம் அதன் வருகையை அறிவித்துவிடுகிறது.

இதனால் விளையும் தீங்கு கம்பளத்தோடு முடிவதில்லை. ஈரமும் பூஞ்சையும் நிறைந்த வீடுகளில் வாழ்வோர்க்குச் சுவாசக் கோளாறுகளும் ஆஸ்த்துமாவும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நூல் எடுத்துரைக்கிறது. தரையோடு தரையாக விளையாடும் குழந்தைகளே இத்தீங்கிற்கு முதலில் இலக்காவர். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. ஆதலின் மருந்து தெளித்துப் பூஞ்சையைக் கொல்வதால் மட்டும் பயனில்லை. அதனை முற்றும் அகற்றுதல் வேண்டும்.

நீரை நீராகவே அகற்றுக

நனைந்த கம்பளத்தைக் கண்டவுடன் மின்விசிறியைத் தேடுவது பலரது இயல்பு. ஆனால் உலர்த்துவதற்கு முன் செய்ய வேண்டியது நீரை வெளியேற்றுவதே. இதன் காரணத்தை ஒரு கணக்கினால் அறியலாம்.

12 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள அறையின் பரப்பு ஏறத்தாழ 16.7 சதுர மீட்டர். அதில் விரித்த கம்பளமும் அடிவிரிப்பும் சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வீதம் நீரைப் பிடித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 50 லிட்டர் ஆகிறது. 1 லிட்டர் நீர் ஆவியாக மாறுவதற்கு ஏறத்தாழ 2,450 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 50 லிட்டரையும் ஆவியாக்கச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 34 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். அதாவது, 1,000 வாட் அடுப்பொன்று வெப்பம் சிறிதும் வீணாகாமல் 34 மணி நேரம் எரிய வேண்டும். அதே 50 லிட்டரை நீராகவே 3 மீட்டர் உயரம் தூக்கி வெளியே ஊற்றுவதற்கு வேண்டிய வேலை 1,500 ஜூலுக்கும் குறைவு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை எண்பதாயிரம் மடங்கிற்கு மேற்பட்டது.

எனவே பம்பினாலும், நீர் உறிஞ்சும் துப்புரவுப் பொறியினாலும், இவை இல்லாதவிடத்து ரப்பர் விளிம்புடைய பலகையினாலும் துணியினாலும் நீரை எடுப்பதே முதற் பணி. கைமுடிச்சுக் கம்பளமாயின் மயிர் சாய்ந்துள்ள திசையிலேயே அழுத்தித் தள்ள வேண்டும். வெள்ளச் சேறு படிந்திருந்தால், அது காய்ந்து இறுகும் முன்னர்த் தூய தண்ணீரால் அலசிவிட வேண்டும். கம்பளத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்தல் தவறு. ஊறிய கம்பளத்தின் எடை பன்மடங்கு பெருகியிருக்கும். அவ்வெடையைத் தாங்காமல் பாவு நூல்கள் அறுந்துபோகும். மூங்கிற் கழியொன்றில் சுருட்டிப் பலர் சேர்ந்து சுமந்து சென்று, உடனே விரித்துவிட வேண்டும். சுருட்டிய நிலையில் ஓரிரவு வைத்தாலும் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இழைகளின் இயல்பு

எல்லா இழைகளும் நீரை ஒரே வகையில் ஏற்பதில்லை. சாதாரணக் காற்றிலேயே கம்பளி மயிர் தன் எடையில் சுமார் 16 சதவீதமும், சணல் சுமார் 14 சதவீதமும், பருத்தி சுமார் 8 சதவீதமும் ஈரத்தை உட்கொண்டிருக்கின்றன. பாலியெஸ்டர் இழை ஏற்கும் ஈரம் அரை சதவீதத்திற்கும் குறைவு. பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ ஒன்றும் ஏற்பதில்லை. கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஏற்றுக்கொண்ட பின்னரும் கைக்கு நனைந்ததாகத் தோன்றுவதில்லை. தொட்டுப் பார்த்து 'உலர்ந்துவிட்டது' என்று முடிவு செய்வது எவ்வளவு பிழையானது என்பது இதனால் விளங்கும்.

காஷ்மீரத்துக் கம்பளத்தின் மேற்புறம் கம்பளி அல்லது பட்டு. அதனைத் தாங்கும் பாவும் ஊடையும் பெரும்பாலும் பருத்தி நூல். பூஞ்சை விரும்பி உண்பது பருத்தியையே. ஆகவே மேற்புறம் வண்ணம் மங்காமல் விளங்கும்போதே அடிப்புறம் உளுத்துப் போகலாம். பல மாதம் கழித்து மடிக்கும்பொழுது அத்தகைய கம்பளம் காய்ந்த ஓலையைப் போல முறிந்துவிடும். அடிப்புறம் உலர்ந்தாலன்றிக் கம்பளம் உலர்ந்ததாகாது.

செயற்கை இழைக் கம்பளங்களில் இழை நீரை ஏற்காவிடினும், அடித்துணியும் அதனை ஒட்டிய பசையும் ஏற்கின்றன. அடித்துணி சணலாயின் அதிலுள்ள நிறப்பொருள் நீரோடு மேலேறி மேற்புறத்தில் பழுப்புக் கறையாகப் படியும். கம்பளிக்கு வெந்நீரும் சலவைச் சோடாவும் ஆகா. கம்பளி மயிரின் மேற்பரப்பு செதில்களால் ஆனது. சூட்டோடு கசக்கும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, விரிப்புச் சுருங்கி இறுகிவிடும்.

காற்றோட்டம் எப்பொழுது உதவும்?

சன்னல்களைத் திறந்து வைத்தால் ஈரம் உலரும் என்பது பொதுவான எண்ணம். வெளிக்காற்று உலர்ந்திருக்கும்பொழுது மட்டுமே இது உண்மை. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 1 கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியை ஏற்க வல்லது. 24 டிகிரியில் ஏறத்தாழ 22 கிராம் மட்டுமே ஏற்கும். மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்று கன மீட்டருக்கு 24 கிராம் நீராவியைச் சுமந்து வருகிறது. அது 24 டிகிரியில் இருக்கும் குளிர்ந்த நிலவறைக்குள் புகுமாயின் மிகுதி நீராவி சுவரிலும் தரையிலும் வியர்வையாகப் படியும். உலர்த்தத் திறந்த சன்னலே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆகையால் மழை நாள்களில் கம்பளத்தை மேல்தளத்துக்கு எடுத்துச் சென்று உலர்த்துவதோ, அறையை மூடி ஈரம் உறிஞ்சும் பொறியை இயக்குவதோ நல்லது. அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்திற்குக் கீழே வைத்திருக்க வேண்டும். காஷ்மீரத்தில் வெள்ளத்தைத் தொடர்ந்து வரும் இலையுதிர்காலம் மழை குறைந்ததாதலின், பகலில் திறந்து வைத்து இரவில் மூடும் முறை அங்கு ஏற்றது. கம்பளத்தைத் தரையில் கிடத்தாமல், மரச் சட்டங்களின் மீது அடியிலும் காற்றுப் புகுமாறு நிழலில் விரிக்க வேண்டும். மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டால் எடை முழுவதும் ஒரே வரியில் தாக்கிப் பாவு நைந்துவிடும். பின்புறத்தைச் சிறிது நேரம் இளவெயிலில் காட்டலாம். மேற்புறத்தைக் கடும் வெயிலில் வைத்தால் சாயம் வெளுக்கும்.

அறையைச் சூடாக்க எண்ணிப் புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பை ஏற்றுவதும் தவறு. 1 கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகி அறைக்குள்ளேயே தங்குகிறது. காங்கிரி எனப்படும் கரியடுப்புக் கூடையை மூடிய அறையில் வைத்தாலோ முற்கூறிய நச்சுவாயு சேரும்.

தரை உலர்ந்ததா?

கம்பளத்தை நன்கு உலர்த்திய பின், ஈரத் தரையின் மீது மீண்டும் விரித்துவிட்டால் உழைப்பெல்லாம் வீணாகும். கான்கிரீட் தரை நீரை மெதுவாகவே விடும். மேற்பரப்பு வெளுத்திருப்பது கொண்டு முடிவு செய்யலாகாது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமான பாலிதீன் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவினால் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். பின்னர் எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலும், தரை கறுத்திருந்தாலும் ஈரம் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சுவரிலும் தரையிலும் வெண்மையான பூச்சு தோன்றுவது உண்டு. இது பூஞ்சையா, உப்பா என்ற ஐயம் எழலாம். ஒரு துளி நீர் விட்டால் கரைவது உப்பு. கரையாமல் நாறுவது பூஞ்சை. எதுவாயினும் நீரின் நடமாட்டத்தை அது காட்டுவதால், அங்கே விரிப்பிடுவதைத் தள்ளிவைக்க வேண்டும்.

தரையைத் தூய்மை செய்ய, முதலில் சேற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டு, 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். சேறு இருக்கும்போது தெளித்தால் மருந்தின் வீரியம் சேற்றிலேயே தீர்ந்துவிடும். இக்கரைசல் கம்பளி, பட்டு ஆகியவற்றின் மீது பட்டால் இழையையே அரித்துவிடுமாதலால் கம்பளத்திற்கு இதனை உபயோகிக்கக் கூடாது. அமிலத்துடனோ அம்மோனியாவுடனோ கலந்தால் நச்சு வாயு எழும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை எளிய சோதனைகளால் விளக்கலாம். கம்பளி, பருத்தி ஜமக்காளம், சணற்சாக்கு, கயிற்றுப் பாய், பாலிபுரொப்பிலீன் சாக்கு ஆகியவற்றில் சம எடையுள்ள துண்டுகளை நீரில் ஊறவைத்து, பத்து நிமிடம் வடியவிட்டு எடை காண வேண்டும். பின்னர் நிழலில் விரித்து 2 மணிக்கு ஒருமுறை நிறுத்து, எடை குறைவதைக் கட்டத்தாளில் வரைந்தால் இழைகளின் இயல்பு தெளிவாகும். ஒரே துணியின் இரு துண்டுகளில் ஒன்றைப் பிழிந்தும் மற்றொன்றைப் பிழியாமலும் உலர்த்திக் காலத்தை ஒப்பிட்டால், நீரை நீராகவே அகற்றுவதன் பயன் புலனாகும். ஈரமான துண்டொன்றைக் கண்ணாடிச் சீசாவில் இட்டு மூடிவைத்துச் சில நாள்களில் பூஞ்சை தோன்றுவதையும் காட்டலாம். ஆனால் அச்சீசாவை வகுப்பில் திறக்கலாகாது.

ஊழியரின் கடமை

வெள்ளத்தில் பலவற்றை இழந்த குடும்பத்திடம், எஞ்சியுள்ள கம்பளத்தையும் விலக்கிவிடுமாறு சொல்வது எளிதன்று. 'காய்ந்தால் சரியாகிவிடும்' என்று ஆறுதல் கூறிவிட்டுச் செல்வது எளிது. ஆனால் கழிவுநீரில் பல நாள் ஊறிய விரிப்பை மீண்டும் அறையில் இடச் செய்வது, அதன்மீது உறங்கும் குழந்தையின் நெஞ்சுக்கு நோயை விரித்து வைப்பதாகும். விலக்கும் முன்னர், கம்பளத்தின் அளவைக் குறித்து, புகைப்படமும் எடுத்து வைக்குமாறு குடும்பத்தாருக்கு அறிவுறுத்துதல் வேண்டும். நிவாரணக் கணக்கெடுப்பின்போது அது சான்றாக உதவும். சான்றுக்காக நனைந்த விரிப்பை அறைக்குள்ளேயே வைத்திருக்கத் தேவையில்லை.

காப்பாற்றக் கூடியதை விரைந்து காப்பாற்றவும், காப்பாற்ற இயலாததைத் துணிந்து விலக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிய ஊழியர் மூன்று வினாக்களை எழுப்பினால் போதும்: நனைத்த நீர் எங்கிருந்து வந்தது? எத்தனை நாள் தங்கியது? அடிப்புறம் உலர்ந்துவிட்டதா? மூன்றாவது வினாவிற்கு விடை கம்பளத்தின் மேற்புறத்தில் கிடைக்காது. அதனைப் புரட்டிப் பார்த்தே அறிதல் வேண்டும்.